பெரிய கொடுவாவையும் ஏன் விட்டுவிட வேண்டும்?

நெல் அறுவடை முடிந்ததும் உழவர் முதலில் செய்வது, அடுத்த பருவத்துக்கான விதையை ஒதுக்கி வைப்பதேயாகும். வீட்டில் எவ்வளவு முடை ஏற்பட்டாலும் விதை நெல்லில் கை வைப்பதில்லை. அவ்வாறு ஒதுக்கும்போது பதரையும் கருக்காயையும் ஒதுக்குவதில்லை. நன்கு முற்றி மணி திரண்டதையே தேர்ந்து வைக்கிறோம். ஆனால் ஆற்றிலும் கழிமுகத்திலும் மீன் பிடிக்கும்போது இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். குஞ்சு மீனைப் பிடிக்கலாகாது என்பது பலருக்கும் தெரியும். மிகப் பெரிய மீன் தூண்டிலில் சிக்கினால் அதையும் நீரில் விட்டுவிட வேண்டும் என்று சொன்னால், கேட்பவர் சிரிப்பார்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இது சிரிப்புக்குரிய பேச்சன்று, சட்டமாகும். அங்கே பொழுதுபோக்கிற்காகத் தூண்டில் போடுவோர் மிகவும் விரும்பும் ஒரு மீனைக் காப்பதற்கு வகுக்கப்பட்ட விதிகளுள் இதுவும் ஒன்று. அந்த மீன் நமக்குப் புதியதன்று. நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவா மீனே அது. அவ்விதிகள் யாவை, ஒவ்வொன்றும் எக்காரணத்தால் வகுக்கப்பட்டது, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கொடுவா எத்தகைய மீன்?

கொடுவா மீன் பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசிய நாடுகள் வழியாக ஆஸ்திரேலியாவின் வடகரை வரை பரவியுள்ளது. ஆஸ்திரேலியாவில் இதனைப் 'பாரமுண்டி' என்று அழைக்கின்றனர். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ராக்ஹாம்ப்டன் நகரைச் சுற்றி வாழ்ந்த பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் இது என்றும், 'பெரிய செதிலையுடைய ஆற்று மீன்' என்பது இதன் பொருள் என்றும் கூறுவர்.

வெள்ளி போல் மின்னும் உடலும், பெரிய வாயும், சற்றே முன்னுக்கு நீண்ட கீழ்த்தாடையும் இம்மீனின் அடையாளங்களாகும். உயிருள்ள சிறு மீன்களையும் இறால்களையும் விழுங்கி வாழும். தூண்டில் முள்ளில் சிக்கியதும் நீரை விட்டு எகிறிக் குதித்துப் போராடும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். சதையோ முள் குறைவாக, வெண்மையாக, சுவை மிக்கதாக இருக்கும். பிடிப்பதற்கு வீரமும் உண்பதற்குச் சுவையும் ஒருங்கே கொண்ட மீனாதலால், வட ஆஸ்திரேலியாவில் தூண்டில் பிடிப்போர் இதனைத் தேடி நெடுந்தொலைவு வருகின்றனர்.

ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக முடியும் வாழ்க்கை

விதிகளைப் புரிந்துகொள்ள, இம்மீனின் வாழ்க்கையை முதலில் அறிதல் வேண்டும்.

கொடுவா நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும். ஆனால் முட்டையிடுவதற்கு உப்பு நீர் இன்றியமையாதது. ஆகவே ஆற்றின் மேற்பகுதியில் வளர்ந்த மீன்களும் இனப்பெருக்கக் காலத்தில் கழிமுகத்தை நோக்கி இறங்குகின்றன. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டிக் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடுகின்றன. ஏறுகின்ற கடல்நீர் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் அலையாத்திக் காடுகளுக்கும் கரையோரச் சதுப்புகளுக்கும் கொண்டு சேர்க்கிறது. அங்கே இரையும் மறைவிடமும் பெற்று வளர்ந்த குஞ்சுகள், மழை வெள்ளத்தில் வழி கிடைத்ததும் ஆற்றில் ஏறுகின்றன.

இம்மீனிடம் வியப்பிற்குரிய இயல்பு ஒன்று உண்டு. கொடுவா மீன்கள் பெரும்பாலும் முதலில் ஆணாகவே பருவமடைகின்றன. ஆஸ்திரேலிய நீர்நிலைகளில் ஏறக்குறைய 3 முதல் 5 வயதில், 55 முதல் 60 செ.மீ. நீளத்தில் இவை ஆண் மீன்களாக இனப்பெருக்கத்தில் ஈடுபடுகின்றன. பின்னர் 6 முதல் 8 வயதில், 80 முதல் 100 செ.மீ. நீளத்தை எட்டும்போது, அதே மீன்கள் பெண்ணாக மாறிவிடுகின்றன. இன்று பெண்ணாக முட்டையிடும் மீன், சில ஆண்டுகளுக்கு முன் ஆணாக இருந்த மீனேயாகும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, சிறு மீன்களையும் நடுத்தர மீன்களையும் அளவின்றிப் பிடித்துவிட்டால் பிற்காலத்தில் பெண் மீன்களே உண்டாக மாட்டா. இரண்டாவது, நீரிலுள்ள பெரிய மீன்கள் ஏறக்குறைய அனைத்தும் தாய் மீன்களே. பெரியவற்றை மட்டும் பொறுக்கிப் பிடித்தால், ஆண்கள் மட்டும் மிஞ்சி நிற்கும்.

தாய் மீன்களுக்குள்ளும் பெரியதன் மதிப்பு தனி. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். உடல் பெருக்கப் பெருக்க, சினையும் பெருகும். ஒரு மீட்டரைத் தாண்டிய தாய் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிட வல்லது. முட்டைகளில் மிகச் சிலவே மீனாகித் தேறுகின்றன என்பதால், இந்தப் பெருந்தொகை இன்றியமையாததாகிறது.

ஒரு தூண்டிலால் என்ன குறைந்துவிடும்?

விசைப்படகும் வலையும் கொண்டு பிடிப்பவரைக் கட்டுப்படுத்தினால் போதாதா, ஞாயிற்றுக்கிழமை ஒரு தூண்டிலோடு வருபவரால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ஒருவர் பிடிப்பது சில மீன்கள்தாம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் அதே ஆற்றுக்கு, அதே பருவத்தில், அதே பெரிய மீனைத் தேடி வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஒரு ஆடு வயலில் நுழைந்தால் நாலு கதிர் போகும். ஊர் ஆடெல்லாம் நுழைந்தால் வயலே போய்விடும்.

மேலும், வணிகர் மீன் குறைந்து வருமானம் குறையும்போது பிடிப்பை நிறுத்துவார். பொழுதுபோக்கிற்காக வருபவருக்கு அந்த வருமானக் கணக்கு இல்லை. மீன் அரிதாக அரிதாக, அதைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆவல் கூடவும் செய்யும். ஆகவேதான் தூண்டிலுக்கும் விதி தேவையாயிற்று.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நான்கு விதிகள்

குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலுள்ள மாநிலம். அதன் கிழக்குக் கரையில் கொடுவாவிற்குள்ள முக்கியமான விதிகள் வருமாறு:

1. குறைந்த அளவு: மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 58 செ.மீ.க்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளலாகாது. ஒவ்வொரு மீனும் ஆணாக ஒரு முறையேனும் இனப்பெருக்கத்தில் பங்கு பெறட்டும் என்பதே இதன் நோக்கம்.

2. மிகுந்த அளவு: 120 செ.மீ.க்கு மேற்பட்ட மீனையும் வைத்துக்கொள்ளலாகாது. இவை அனைத்தும் முதிர்ந்த தாய் மீன்கள். இவ்வளவு வளர்வதற்குப் பல ஆண்டுகள் பிழைத்திருக்க வேண்டும். ஒன்று போனால் அதன் இடத்தை மற்றொன்று நிரப்ப அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

3. எண்ணிக்கை: ஒருவர் வசம் 5 மீன்களுக்கு மேல் இருத்தலாகாது. இது ஒரு நாளைக்குரிய கணக்கன்று. படகிலுள்ளதும் வீட்டில் உறைபெட்டியில் வைத்துள்ளதும் சேர்ந்தே ஐந்து. நாள்தோறும் ஐந்து பிடித்துச் சேர்த்து வைப்பதற்கு இதனால் வழியில்லை. பொழுதுபோக்கிற்காகப் பிடித்த மீனை விற்பதற்கும் அனுமதியில்லை.

4. பருவத் தடை: நவம்பர் 1 நண்பகல் முதல் பிப்ரவரி 1 நண்பகல் வரை கொடுவாவைப் பிடிக்கலாகாது. மீன்கள் கழிமுகத்தில் கூடி முட்டையிடும் காலம் இதில் அடங்கும். கூட்டமாக நிற்கும்போது அவற்றைப் பிடிப்பது எளிது. அந்த எளிமையே ஆபத்தாகும். பிடித்து உடனே விட்டுவிடுகிறேன் என்று சொல்லியும் இக்காலத்தில் கொடுவாவைக் குறிவைத்துத் தூண்டில் போடக்கூடாது. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தவறிச் சிக்கினால் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். இத்தடை வணிகத்திற்காகப் பிடிப்பவருக்கும் உண்டு.

நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதை உழவர் பெருமக்கள் அறிவர். முதலில் 45 நாட்களாக இருந்த இது 2017 முதல் 61 நாட்களாயிற்று. குயின்ஸ்லாந்தின் பருவத் தடையும் இதே கருத்தில் அமைந்ததே. நம் தடை பல மீன்களுக்குப் பொதுவானது. அவர்களுடையது ஒரே மீனின் முட்டையிடும் காலத்தைக் கணித்து வகுத்தது.

அளவு விதி எங்கும் ஒன்றா?

இல்லை. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் 55 செ.மீ.க்கு மேல் 80 செ.மீ.க்குள் உள்ள கொடுவாவை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். இவ்விரு விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். 80 செ.மீ. என்ற மேல் எல்லையில் பிடிபடுவன பெரும்பாலும் ஆண்களே. பெண்ணாக மாறியவை ஏறக்குறைய எல்லாம் தப்பிவிடுகின்றன. 120 செ.மீ. என்ற மேல் எல்லையில், 90 அல்லது 100 செ.மீ. நீளமுள்ள இளந்தாய் மீன்கள் சட்டப்படி பிடிபடக்கூடும். மிக முதிர்ந்தவையே தப்பும். ஆகவே, எல்லை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே விதியின் பலன் அமைகிறது. அந்தந்த நீர்நிலையில் மீன் எவ்வளவு, பிடிப்பவர் எத்தனை பேர், மீன் எந்த அளவில் மாறுகிறது என்பனவற்றை ஆராய்ந்தே எல்லையை வகுத்தல் வேண்டும். ஓரிடத்து அளவை மற்றோரிடத்தில் அப்படியே எடுத்துப் பொருத்துதல் சரியன்று.

விடும் மீன் பிழைக்க வேண்டும்

அளவு விதி பலன் தருவது ஒன்றைப் பொறுத்திருக்கிறது. நீரில் திரும்ப விடும் மீன் உயிர் பிழைத்தல் வேண்டும். செத்த மீனை ஆற்றில் போடுவதால் விதி காக்கப்படலாம், மீன் காக்கப்படாது. ஆகவே அங்கே தூண்டில் பிடிப்போருக்குச் சொல்லித் தரப்படும் முறைகள் பின்வருமாறு:

- மீனை நெடுநேரம் இழுத்துக் களைக்க விடாமல், உறுதியான நரம்பைப் பயன்படுத்தி விரைவில் கரை சேர்த்தல் வேண்டும்.
- இயன்றவரை மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும்.
- தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுதல் நல்லது. உலர்ந்த கையும் சூடான படகுத் தளமும் மீன் மேலுள்ள வழுவழுப்பை நீக்கிவிடும். அதன்பின் நோய் எளிதில் பற்றும்.
- பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடலாகாது. அதன் எடையாலேயே தாடையும் முதுகெலும்பும் பழுதுபடும். ஒரு கையால் வயிற்றின் கீழ்த் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்தல் வேண்டும்.
- செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல் கூரியது. அங்கே கை வைத்தால் மீனுக்கும் கேடு, கைக்கும் வெட்டு.
- முள் தொண்டைக்குள் ஆழமாக இறங்கியிருந்தால், அதைப் பிடுங்காமல் நரம்பை அறுத்து விட்டுவிடுவதே மேல்.
- விடும்போது தலையை நீரோட்டத்திற்கு எதிராகப் பிடித்து, தானே வாலடித்து நீந்தும் வரை தாங்கியிருத்தல் வேண்டும்.

அணை நீரில் விட்ட மீனுக்கு வேறு விதி

குயின்ஸ்லாந்தில் டினாரூ, மொண்டூரன் போன்ற சில நன்னீர் அணைகளில் கொடுவாக் குஞ்சுகளை இருப்பு விட்டு வளர்க்கின்றனர். இந்த அணைகளில் அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் பருவத் தடைக் காலத்திலும் பிடிக்கலாம். 120 செ.மீ.க்கு மேற்பட்ட மீன் ஒன்றை வைத்துக்கொள்ளவும் செய்யலாம். சீட்டுக் கட்டணத்தின் பெரும்பகுதி, அணைகளில் குஞ்சு விடும் உள்ளூர்க் குழுக்களுக்கே சேர்கிறது.

ஆற்றில் குற்றமானது அணையில் எவ்வாறு சரியாகும்? காரணம் எளிது. அணையிலுள்ள மீன் எவ்வளவு பெரிதானாலும், உப்பு நீரின்றி அதனால் அங்கே இனம் பெருக்க இயலாது. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மீண்டும் மீண்டும் குஞ்சு விட்டால்தான் அங்கே மீன் உண்டு. விதைக்கு உதவாத நெல்லை உண்பதில் தவறில்லை அல்லவா? விதி மீனின் பெயரைப் பார்த்து வகுக்கப்படவில்லை. அதன் வேலையைப் பார்த்து வகுக்கப்பட்டது.

விதி மட்டும் போதுமா?

போதாது. தாய் மீனைக் காத்தாலும், குஞ்சு வளர இடம் இல்லையெனில் பயனில்லை. ராக்ஹாம்ப்டனில் ஃபிட்ஸ்ராய் ஆற்றின் குறுக்கே 1970-இல் தடுப்பணை ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. நகருக்கு நன்னீர் கிடைத்தது. ஆனால் கடலுக்கும் மேலாற்றுக்கும் இடையே மீன் சென்றுவரும் வழி தடைப்பட்டது. பின்னர் மீன் ஏறிச் செல்வதற்கான வழியைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. அம்மாநிலக் கரையோரத்தில் கால்நடை வளர்ப்போர் சிலர், சதுப்பு நிலங்களில் கரை எழுப்பி நீர் தேக்கி மேய்ச்சல் புல் வளர்த்ததும், கொடுவாக் குஞ்சுகளின் வளர்ப்பிடங்களை அடைத்துவிட்டது.

அதே ஆற்றில் நடத்திய ஆய்வுகளில், வெள்ளம் நன்கு வந்த ஆண்டுகளில் பிறந்த கொடுவாக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பது தெரியவந்தது. மழை பொய்த்தால் வயல் மட்டுமன்றி கழிமுகமும் பொய்க்கும். கடலில் கலக்கும் ஆற்று நீர் வீண் என்று சொல்வது பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

வலைப்பிடிப்பிலும் மாற்றம் செய்தனர். 2015 நவம்பர் முதல் கெய்ன்ஸ், மக்காய், ராக்ஹாம்ப்டன் ஆகிய மூன்று பகுதிகளில் வணிக வலைகளுக்கு இடமில்லாத நீர்ப்பரப்புகள் ஒதுக்கப்பட்டன. தூண்டிலுக்கு மட்டும் விதி வைத்து வலையை விட்டுவிட்டாலோ, வலையை மட்டும் தடுத்துத் தூண்டிலை விட்டுவிட்டாலோ, ஓட்டைப் பானையில் ஒரு ஓட்டையை மட்டும் அடைத்த கதையாகும்.

நமக்கு என்ன பயன்?

நம் கரையோர உழவர்களுள் பலர் உவர்நீர்க் குளங்களில் கொடுவா வளர்க்கத் தொடங்கியுள்ளனர். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து வெற்றி கண்டது. அதன்பின் குஞ்சுக்காகக் கழிமுகத்தையே நம்பியிருக்கும் நிலை மாறிற்று. எனினும் பொரிப்பகத்துக்கும் தாய் மீன் வேண்டும். அந்தத் தாய் மீனின் மூலம் கடலும் கழிமுகமுமே. கழிமுகத்தில் பெரிய கொடுவா அருகினால், அதன் விளைவு ஒரு நாள் நம் குளத்துக்கும் வந்து சேரும்.

ஆகவே உழவர் பெருமக்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

1. குளத்தில் இருப்பு விட்ட கொடுவாவுக்கு இவ்வளவு விதிகள் பொருந்தா. அதைச் சந்தைக்கேற்ற எடையில் தாராளமாக அறுவடை செய்யலாம்.
2. ஆற்றிலும் கழிமுகத்திலும் உள்ள கொடுவா வேறு. அங்கே தூண்டில் போடும்போது குஞ்சையும் மிகப் பெரியதையும் விட்டு, நடுத்தரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய அளவுகள் நம் நீருக்கு வகுக்கப்பட்டவை அல்ல. அவற்றின் கருத்தை எடுத்துக்கொள்க.
3. சினை கொண்ட மீனைக் கண்டால் விட்டுவிடுக.
4. குளத்திற்கென்று கழிமுகத்தில் குஞ்சு பொறுக்குவதைத் தவிர்த்து, பொரிப்பகக் குஞ்சுகளையே வாங்குக.
5. கழிமுகத்தை ஒட்டிய நிலத்தில் வரப்போ கரையோ எழுப்புமுன், கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகள் அடைபடாதவாறு பார்த்துக்கொள்க. அலையாத்தி மரங்களை வெட்டலாகாது.

படித்ததை நினைவுகூர்க

வினா 1: கொடுவா மீனில் பெரிய மீன்கள் ஏன் பெரும்பாலும் பெண்ணாக இருக்கின்றன?
விடை: முதலில் ஆணாகப் பருவமடைந்து, ஆஸ்திரேலிய நீரில் 80 முதல் 100 செ.மீ. நீளத்தில் பெண்ணாக மாறுவதால்.

வினா 2: குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் 130 செ.மீ. நீளமுள்ள கொடுவா ஆற்றில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும்?
விடை: வயிற்றின் கீழ்த் தாங்கி, காயப்படுத்தாமல் உடனே நீரில் விட்டுவிட வேண்டும்.

வினா 3: பருவத் தடைக் காலத்தில் பிடித்து விட்டுவிடுவதற்கும் ஏன் அனுமதியில்லை?
விடை: முட்டையிடக் கூடியிருக்கும் மீன்களுக்கு அதுவும் இடையூறாகும். விட்ட மீன்களுள் சில இறக்கவும் கூடும்.

வினா 4: அணையில் உள்ள பெரிய கொடுவாவை எடுத்துக்கொள்ள ஏன் இடம் தரப்படுகிறது?
விடை: நன்னீர் அணையில் அது இனம் பெருக்காது. அங்கே மீன் இருப்பது குஞ்சு விடுவதாலேயே.

பெரிய மீனைப் பிடித்தவர் அதைத் தோளில் சுமந்து ஊருக்குள் வருவது பெருமையாக இருக்கலாம். ஆனால் விதைக் கோட்டையைப் பிரித்துச் சோறாக்கியவரை எந்த ஊரும் நல்ல உழவர் என்று சொன்னதில்லை. அடுத்த முறை ஆற்றில் பெரிய கொடுவா சிக்கினால், உங்கள் கையிலிருப்பது நாளைய விளைச்சல் என்று எண்ணி அதை நீருக்கே திருப்பித் தருக.